கஸப் மரப்படகுப் பயணம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஷார்ஜாவில் இருக்கிறேன். குளிர்காலம் வந்தால் ஒருமுறையாவது ஓமனின் கஸப் ஊருக்குப் போய், மலைகளுக்கு நடுவே ஒரு நாள் முழுக்க மரப்படகில் சுற்றிவிட்டு வருவது வழக்கம். இதுவரை ஏழு முறை. படத்தைக் குடும்ப வாட்ஸாப்பில் போட்ட அரைமணி நேரத்தில் கேள்விகள் வரத் தொடங்கும். ஊரிலிருந்து சித்தி கேட்பார், அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த தம்பி கேட்பான், பழைய ரூம் நண்பர்கள் நள்ளிரவில் குரல்செய்தி அனுப்புவார்கள். எல்லாம் ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். அவர்கள் கேட்ட மாதிரியே கீழே போட்டிருக்கிறேன்.

இந்த கஸப் எங்க இருக்கு? துபாய்லயா, ஓமன்லயா?

ஓமனில். ஆனால் ஓமனோடு ஒட்டாத ஓமன். அரபுத் தீபகற்பத்தின் வடகிழக்கு மூலையில், ஈரானைப் பார்த்து ஒரு கூர்மையான முனை நீட்டிக்கொண்டிருக்கும். அதுதான் முசந்தம். அதற்கும் மஸ்கட் இருக்கும் பெரிய ஓமனுக்கும் நடுவில் ஐக்கிய அரபு அமீரகம் குறுக்கே கிடக்கிறது. அதனால் மஸ்கட்காரர்கள் தரைவழியாகத் தங்கள் சொந்த நாட்டின் இந்தத் துண்டுக்குப் போக இரண்டு பார்டர் தாண்ட வேண்டும். அமீரகத்தில் இருக்கும் நமக்கு ஒன்றே ஒன்று: ராஸ் அல் கைமாவைத் தாண்டி அல் தாரா.

முசந்தத்தின் தலைநகர் கஸப். அரபியில் அந்தச் சொல்லுக்குச் செழிப்பு என்று பொருள். நம் காதுக்குத்தான் கசப்பு. சுற்றிலும் மொட்டைப் பாறையாக இருக்கும் இடத்தில் கொஞ்சம் நல்ல மண்ணும் பேரீச்சந்தோப்பும் வாய்த்ததால் வந்த பெயர்.

அப்போ துபாய் க்ரீக்ல போற தோவ் க்ரூஸ் மாதிரிதானே? பஃபே, டான்ஸ் எல்லாம்?

இல்லவே இல்லை. அது இரவு விருந்து. படகு ஒரு சாக்கு. இங்கே பகல். கம்பளமும் திண்டும் போட்ட தளத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்து, மலையையும் தண்ணீரையும் பார்த்துக்கொண்டு போவது. பாட்டுக் கச்சேரி எதிர்பார்க்கிறவர்கள் ஒரு மணி நேரத்தில் போனை எடுத்துவிடுவார்கள். அதிலும் சிக்னல் இருக்காது.

முசந்தம் டூர்னு 150 திர்ஹாமுக்கு விளம்பரம் வருது. நீங்க சொல்றதும் அதுவும் ஒண்ணா?

என்னிடம் வரும் கேள்விகளில் பணத்தை மிச்சம் பிடிக்கிற கேள்வி இதுதான். "முசந்தம்" என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு பயணங்கள் விற்கப்படுகின்றன. ஒன்று கஸபிலிருந்து புறப்படுவது. இன்னொன்று திப்பாவிலிருந்து. திப்பா ஒரே ஊர்தான் என்றாலும் மூன்று துண்டு: ஒன்று ஃபுஜைராவுக்கு, ஒன்று ஷார்ஜாவுக்கு, ஒன்று ஓமனுக்கு. ஓமன் துண்டில் இருக்கும் துறையிலிருந்து படகு கிளம்பி, ஓமான் வளைகுடாவின் கரையை ஒட்டி வடக்கே போகும். குகை, சின்ன மணற்கரை, குளியல், வாழைப்பழ வடிவ ரப்பர் படகில் சவாரி என்று ஜாலியாக இருக்கும். ஆனால் அது திறந்த கடல். விளம்பரப் படத்தில் காட்டும், மலைகளுக்கு நடுவே கடல் புகுந்த அந்தச் சந்துகள் அந்தப் பயணத்தில் வராது.

அந்தச் சந்துகளுக்கு அரபியில் கோர் என்று பெயர். ஒருநாள் பயணத்தில் போகிற பெரிய கோர், கோர் ஷம். அதற்கு வழி கஸபிலிருந்துதான். என் முதல் பயணமே திப்பாவில்தான் முடிந்தது. பதிவு செய்து கொடுத்தவரிடம் "கோர் எங்கே?" என்று கேட்டதற்கு, "இதுவும் முசந்தம்தானே சார்" என்றார். பொய் இல்லை. ஆகவே "முசந்தமா?" என்று கேட்காதீர்கள். "கஸப் துறைமுகத்தில் ஏறுகிறோமா, கோர் ஷம் உள்ளே போகிறோமா?" என்று கேளுங்கள்.

அரேபியாவின் நார்வேன்னு போட்டிருக்காங்களே, நார்வே மாதிரியே இருக்குமா?

பச்சை இருக்காது, அருவி இருக்காது, பனி இருக்காது. பழுப்பும் சாம்பலும் கலந்த சுண்ணாம்புப் பாறை, சில இடங்களில் ஆயிரம் மீட்டர் வரை எழும்பி நிற்கும். அடியில் பச்சைக்கும் நீலத்துக்கும் இடைப்பட்ட தண்ணீர். மரம் என்று சொல்ல ஒன்றிரண்டு முள்மரம். கோர் ஷம்மின் நீளம் சுமார் 16 கிலோமீட்டர். நார்வேயின் சோக்னே ஃபியார்டு 200 கிலோமீட்டருக்கும் மேல். அளவில் போட்டி போட முடியாது.

நார்வேயை மனதில் வைத்துக்கொண்டு வருகிறவர்களுக்கு ஏமாற்றம். மொட்டைமலைக்கு நடுவே கடல் எப்படி வந்தது என்று யோசித்துக்கொண்டு வருகிறவர்களுக்கு ஒரு நாள் போதாது.

சரி, கடல் எப்படித்தான் உள்ளே வந்தது? இது நிஜமான ஃபியார்டுதானா?

கண்டிப்பான கணக்கில் இல்லை. ஃபியார்டு என்றால் பனியாறு மலையைச் செதுக்கிக்கொண்டு இறங்கி, பனி உருகிய பிறகு அந்தப் பள்ளத்தில் கடல் புகுந்திருக்க வேண்டும். முசந்தத்தில் பனியாறு ஓடவில்லை. மழைத்தண்ணீர் அறுத்த சாதாரண மலைப் பள்ளத்தாக்குகள், அரபிக்காரர்கள் வாதி என்பார்களே, அவைதான் கடலில் மூழ்கிக் கிடக்கின்றன. புவியியலில் இதற்கு ரியா என்று பெயர்.

மூழ்கியதற்கு இரண்டு காரணம். கடைசிப் பனியுகத்தில் கடல்மட்டம் இன்றைவிட 120 மீட்டர் அளவுக்குத் தாழ்ந்திருந்தது. பாரசீக வளைகுடாவின் பெரும்பகுதி அப்போது வெறும் தரை. பனி உருக உருகக் கடல் ஏறிவந்தது. இது உலகம் முழுக்க நடந்ததுதான். இரண்டாவது இந்த இடத்துக்கே உரியது: அரபுப் புவித்தட்டு வடகிழக்கே நகர்ந்து ஈரான் பக்கத்துத் தட்டோடு மோதி, அதன் அடியில் அழுந்துகிறது. அந்த அழுத்தத்தில் முசந்தத்தின் முனை கீழே சாய்கிறது. இன்றும் சாய்ந்துகொண்டுதான் இருக்கிறது. ஒருபக்கம் கடல் ஏற, மறுபக்கம் நிலம் இறங்க, பள்ளத்தாக்குகள் கோர் ஆகிவிட்டன, மலைத்தோள்கள் தீவாகிவிட்டன.

படகிலிருந்தே இதற்குச் சாட்சி தெரியும். பெரும்பாலும் கடற்கரை என்று ஒன்றே இருக்காது. மலைச்சரிவு அப்படியே தண்ணீருக்குள் இறங்கும், நடுவில் நிற்காது. இன்னொரு வேடிக்கை: கஸபுக்குப் பின்னால் இருக்கும் ஹரீம் மலை 2,087 மீட்டர். அதன் மேலே பாறையில் கடல்சிப்பிகளின் தொல்லெச்சங்கள் பதிந்திருக்கின்றன. பழைய கடலடி மலைமேல் ஏறி நிற்கிறது, பழைய பள்ளத்தாக்கு கடலுக்குள் கிடக்கிறது. சங்கப் பாட்டில் நெய்தல் நிலத்து இருங்கழி என்று படித்திருப்போம். கோர் என்பதற்கு நம் கழிதான் நெருக்கமான சொல். ஆனால் அந்தச் சேறும் தாழையும் இங்கே கிடையாது. கல்லால் ஆன கழி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த மாசம் போகலாம்? ஜூலைல லீவு இருக்கு…

ஜூலையை மறந்துவிடுங்கள். நவம்பர் முதல் மார்ச் வரை. கோடையில் வெயில் 40 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும். சுற்றிலும் பாறை, காற்று நகராது, படகில் மேலே ஒரு துணிக்கூரை மட்டும். 19ஆம் நூற்றாண்டில் அங்கே வேலைக்குப் போன ஆங்கிலேயர்கள் என்ன பாடுபட்டார்கள் என்று பின்னால் சொல்கிறேன்.

குளிர்காலத்திலும் ஒரு வில்லன் உண்டு: ஷமால் என்கிற வடமேற்குக் காற்று. அது அடித்தால் துறைமுகத்திலிருந்து படகே கிளம்பாது. டிசம்பர் 2, 3 அமீரகத் தேசிய தின விடுமுறையில் போவதையும் நான் தவிர்ப்பேன். காற்று சும்மா இருந்தாலும் பார்டர் சும்மா இருக்காது.

அரை நாள் போதுமா, முழு நாள் எடுக்கணுமா?

முழு நாள். அரைநாள் படகு காலையிலோ மதியத்திலோ மூன்று நான்கு மணி நேரம். கோருக்குள் போய், டெலிகிராஃப் தீவருகே ஒரு குளியல் போட்டுவிட்டுத் திரும்பிவிடும். முழுநாள் படகு காலை ஒன்பதரை பத்துக்குக் கிளம்பி, மாலை நான்கு வாக்கில் கரை சேரும். டெலிகிராஃப் தீவு, ஸீபி தீவு என்று இரண்டு இடத்தில் நிறுத்துவார்கள். மதியச் சாப்பாடு படகிலேயே.

எனக்கு முழுநாள் பிடிப்பதற்குக் காரணம் இரண்டாவது தீவு அல்ல. சாப்பாடு முடிந்து, இன்ஜினை அணைத்து, எல்லோரும் அரைத்தூக்கத்தில் இருக்கும் அந்த ஒரு மணி நேரம். மலையில் ஓர் ஆடு கத்தினால் எதிர்ப்பக்கத்து மலையிலும் கேட்கும். அரைநாள் படகில் அந்த நேரத்துக்கு இடமே இல்லை.

துபாய்ல இருந்து ஒரே நாள்ல போய்ட்டு வந்துடலாமா?

வரலாம். ஏறக்குறைய 200 கிலோமீட்டர். பார்டர் காலியாக இருந்தால் மூன்று மணி நேரத்துக்குள். அதிகாலை ஐந்துக்குக் கிளம்பினால் படகைப் பிடித்துவிடலாம். ஆனால் மாலை நான்கு வரை வெயிலிலும் உப்புத்தண்ணீரிலும் கிடந்துவிட்டுத் திரும்ப ஓட்டுவது யார்? அந்த ஒருவரை முதலில் முடிவு செய்யுங்கள். நான் முதல் நாள் மாலையே போய்க் கஸபில் தங்கிவிடுகிறேன்.

இன்னொரு காரணமும் உண்டு. பார்டரிலிருந்து கஸப் வரை சுமார் 40 கிலோமீட்டர் சாலை, ஒருபக்கம் மலையை வெட்டி மறுபக்கம் கடலை ஒட்டிப் போகிறது. இருட்டில் அதைத் தவறவிடுவது பாவம்.

விசா வேணுமா? ஃப்ரெண்ட் ஒருத்தர் வேண்டாம்னு சொன்னாரே?

அந்த நண்பர் எந்த வருடம் போனார், எந்தப் பதவி விசாவில் இருக்கிறார், கஸபா திப்பாவா என்று கேளுங்கள். வளைகுடா நாடுகளில் குடியிருப்பவர்களுக்கான ஓமன் விதி ஒருகாலத்தில் பதவியைப் பொறுத்து மாறியது. வருடத்துக்கு வருடமும் மாறியிருக்கிறது. திப்பா பக்கம் படகுக்காரர்கள் மூலம் தனி அனுமதி வாங்கிப் போன காலம் ஒன்று உண்டு. அதைக் கஸபுக்குப் பொருத்திப் பார்க்க முடியாது. ராயல் ஓமன் போலீஸின் மின்விசா தளத்தில் நேரே பாருங்கள். பாஸ்போர்ட்டில் ஆறு மாதம் மீதி இருக்கட்டும்.

பெரிய ஆபத்து அமீரகத்துக்குத் திரும்பும்போது. ஊரிலிருந்து அப்பா அம்மா ஒருமுறை நுழைவு விசிட் விசாவில் வந்திருந்தால், ஓமனுக்குள் கால் வைத்த நிமிடம் அந்த விசா முடிந்தது. திரும்பி வரப் புது விசா வேண்டும். பெற்றோரைக் கூட்டிப் போகிற எண்ணம் இருந்தால், விசா எடுக்கும்போதே பலமுறை நுழைவு விசாவாகப் பார்த்து எடுங்கள்.

நம்ம கார்லயே போகலாமா?

போகலாம். முல்கியா (காரின் பதிவு அட்டை) கையில் இருக்க வேண்டும், கார் உங்கள் பெயரில் இல்லையென்றால் உரிமையாளரின் ஒப்புதல் கடிதம் வேண்டும், இன்சூரன்ஸ் ஓமனுக்கும் செல்லுபடியாக வேண்டும். பல இன்சூரன்ஸ்களில் ஓமன் சேர்ந்தே இருக்கும், ஆனால் அதைக் காட்டும் காகிதம் நம்மிடம் இருக்காது. ஒருமுறை எங்கள் கூட்டத்தில் ஒரு காருக்கு அந்தக் காகிதம் இல்லை. பார்டரிலேயே நாலு நாளைக்கு இன்சூரன்ஸ் வாங்கி, ஒரு மணி நேரம் போனது. மற்ற இரண்டு காரும் வெயிலில் நின்றன. வாடகைக் கார் என்றால் கம்பெனியிடம் முன்கூட்டியே எழுதி வாங்குங்கள்.

அமீரகத்திலிருந்து வெளியேறத் தலைக்கு 35 திர்ஹாம் எக்ஸிட் கட்டணம் கட்டியிருக்கிறேன். மதுபாட்டில் எதுவும் காரில் வேண்டாம்; தரைவழியாக ஓமனுக்குள் எடுத்துப் போகக் கூடாது. அனுமதி வாங்காத ட்ரோனும் அப்படித்தான்.

ரியால் மாத்தணுமா?

கஸபில் திர்ஹாமை வாங்கிக்கொள்கிறார்கள். ஒரு ரியால் ஒன்பதரை திர்ஹாமுக்குக் கொஞ்சம் மேல்; கடைக்காரர் பத்து என்று வைத்துக்கொள்வார். சண்டை போடாதீர்கள். ஒரு ரியாலுக்கு 1,000 பைசா, நம்மூர்க் கணக்கில் 100 என்று நினைத்து மிச்சச் சில்லறையைப் பார்த்துக் குழம்பாமல் இருந்தால் போதும்.

படகு நிஜமாவே மரமா, இல்ல ஃபைபருக்கு மரக்கலர் அடிச்சதா?

துறைமுகத்தில் இரண்டும் நிற்கும். பெரிய சுற்றுலாப் படகுகள் பெரும்பாலும் மரம். பாயும் பாய்மரமும் இல்லை, டீசல் இன்ஜின்தான். உள்ளே போனதும் தளத்துக்குக் கீழே எட்டிப் பாருங்கள், வளைந்த விலாச்சட்டங்கள் வரிசையாகத் தெரியும்.

"தோவ்" என்பது வெளியார் வைத்த பொதுப்பெயர். அரபிக்காரர் உருவத்தை வைத்து ஸம்பூக், பூம், ஜல்பூத் என்று தனித்தனியே சொல்வார். இன்று பேச்சில் பாதிப்பேர் லாஞ்ச் என்கிறார்கள். முசந்தத்துக்கே உரியவை பத்தீல், ஸாரூக்கா. மழையில்லாத இந்தக் கரையில் படகுக்கு மரம் ஏது? மலபாரிலிருந்து போன தேக்கு. கோழிக்கோட்டுக்குப் பக்கத்துப் பேப்பூரில் கட்டிய, உரு எனப்படும் மரக்கலங்கள் நூற்றாண்டுகளாக வளைகுடாவுக்கு வந்திருக்கின்றன. நம் தூத்துக்குடித் தோணியைப் பார்த்தவர்களுக்கு இது தூரத்துச் சொந்தம் மாதிரி இருக்கும்.

கட்டும் முறை தலைகீழ். மேற்கத்தியப் படகில் முதலில் எலும்புக்கூடு, பிறகு பலகை. இங்கே முதலில் பலகைகளை விளிம்போடு விளிம்பு சேர்த்து உடலை எழுப்பி, பிறகு உள்ளே விலாச்சட்டம் வைப்பார்கள். போர்த்துக்கீசியர் வருவதற்கு முன் ஆணியும் இல்லை. துளை போட்டுத் தென்னங்கயிற்றால் தைத்தார்கள். பத்தீல் படகின் அணியம் எனும் முன்முனையிலும் பின்புறத்திலும் அந்தத் தையல் பிற்காலம் வரை மிஞ்சியிருந்தது. பலகை இடுக்கில் பஞ்சும் கயிறும் திணித்து அடைப்பதைத் தூத்துக்குடியில் கலப்பத்து என்பார்கள். அரபியிலும் ஏறக்குறைய அதே ஒலிதான். நீருக்கு அடியில் வரும் பகுதிக்குச் சுண்ணாம்பும் விலங்குக் கொழுப்பும், மேல்பகுதிக்குச் சுறா எண்ணெயும் பூசுவது பழைய வழக்கம். இப்போது பெயிண்ட். மூக்கு தப்பித்தது.

எனக்குப் படகுன்னாலே குமட்டும். தாங்குமா?

கோருக்குள் தண்ணீர் ஏரி மாதிரி. மலை நாலாபுறமும் காற்றை மறைத்துவிடும். துறைமுகத்திலிருந்து கோரின் வாய் வரை மட்டும் திறந்த கடல். ஆட்டம் இருந்தால் அந்தக் கொஞ்ச நேரத்தில்தான். அப்போது படகின் நடுவில், பின்பக்கமாக உட்காருங்கள். அணியத்தில் உட்கார்ந்து செல்ஃபி எடுப்பதை உள்ளே போன பிறகு வைத்துக்கொள்ளலாம். காலைச் சாப்பாடு இரண்டு இட்லி அளவுக்கு இருக்கட்டும், ஆறு பரோட்டா வேண்டாம்.

நீச்சல் தெரியாது. போனா வேஸ்டா?

இல்லை. லைஃப் ஜாக்கெட் தருவார்கள். போட்டுக்கொண்டு ஏணியைப் பிடித்தபடி இறங்கலாம். முகமூடியும் மூச்சுக்குழாயும் படகிலேயே இருக்கும். தண்ணீருக்குள் முகத்தை வைத்தால் போதும், மஞ்சளும் கறுப்பும் கோடு போட்ட சின்ன மீன்கள் கூட்டமாகச் சுற்றும். ரொட்டி போட்டு மீனை வரவழைப்பது அங்கே வழக்கம். எனக்கு அது பிடிக்காது. மீன் தன் வேலையைப் பார்க்கட்டும்.

நீச்சல் தெரிந்தவர்களுக்குத்தான் எச்சரிக்கை: தீவுப் பாறைகளில் கால் ஊன்றாதீர்கள். கடல்முள்ளி இருக்கும். என் மைத்துனர் ஒரு முள்ளோடு ஷார்ஜா வரை வந்தார்.

டால்ஃபின் கண்டிப்பா தெரியுமா?

கண்டிப்பு என்று எவர் சொன்னாலும் அவர் டிக்கெட் விற்கிறவர். ஏழில் ஐந்து முறை பார்த்திருக்கிறேன். இங்கே வருபவை பெரும்பாலும் முதுகில் திமில் போல மேடு உள்ள கூன்முதுகு டால்ஃபின்கள். படகு வேகமெடுக்கும்போது எழும் அலையில் சவாரி செய்ய அவையாகவே பக்கத்தில் வரும். படகோட்டிகள் சீட்டியடிப்பார்கள், கைதட்டச் சொல்வார்கள். டால்ஃபினுக்கு அது கேட்கிறதோ இல்லையோ, குழந்தைகளுக்குக் கொண்டாட்டம்.

நாலைந்து படகு சேர்ந்து ஒரே கூட்டத்தை வளைப்பதையும் பார்த்திருக்கிறேன். அப்படி நடந்தால் படகோட்டியிடம் "போதும் பாய், போகலாம்" என்று சொல்லுங்கள். பெரும்பாலும் கேட்பார்கள். நாம் இன்னும் காட்டச் சொல்வோம் என்று நினைத்துத்தான் அவர்கள் துரத்துகிறார்கள்.

டெலிகிராஃப் தீவுல என்ன இருக்கு? ஒரு மண்ணும் தெரியலையே!

போன நண்பர் ஒருவர் படத்தோடு அனுப்பிய கேள்வி. சரிதான், கண்ணுக்குத் தெரிவது கொஞ்சம் படிக்கட்டும் அடித்தளக் கற்களும் மட்டுமே. ஊர்ப்பெயர் ஜஸீரத் அல் மக்லப். கதை நம் நாட்டோடு தொடர்புள்ளது. 1857க்குப் பிறகு லண்டனுக்கு இந்தியச் செய்தி உடனுக்குடன் தேவைப்பட்டது. கப்பல் கடிதம் போய்ச் சேர வாரக்கணக்கில் ஆகும். 1864இல் கராச்சி, குவாதர் வழியாக வந்த கம்பி முசந்தத்தைத் தொட்டு, பாரசீகக் கரையின் புஷேர் வழியே ஃபாவ் வரை கடலடியில் போடப்பட்டது. அங்கிருந்து துருக்கியரின் தரைக்கம்பி. குட்டா பெர்ச்சா என்ற மலாய் நாட்டு மரப்பாலைக் கம்பியின் மேல் சுற்றித் தண்ணீர் புகாமல் காத்தார்கள்.

தூரம் கூடக் கூடச் சைகை மங்கிப்போகும். ஆகவே நடுவழியில் ஒருவர் உட்கார்ந்து, வந்த செய்தியை வாங்கி மறுபடி அடித்து அனுப்ப வேண்டும். அந்த நடுவழிதான் இந்தத் தீவு. கரையில் இருக்கும் பழங்குடிகளோடு உரசல் வேண்டாம் என்று தீவைத் தேர்ந்தெடுத்தார்கள். மரமில்லை, நிழலில்லை, குடிநீர் வெளியிலிருந்து வர வேண்டும். சில வருடங்களிலேயே, 1860களின் இறுதியில், கைவிட்டுப் போய்விட்டார்கள். "வளைவைத் தாண்டிப் போய்விட்டான்" என்று ஆங்கிலத்தில் பைத்தியம் பிடித்தவனைச் சொல்வது இங்கிருந்துதான் வந்தது, கோரின் வளைவைத் தாண்டினால்தான் விடுதலை என்பதால், என்று எல்லாப் படகிலும் சொல்வார்கள். நல்ல கதை, ஆதாரம் கிடையாது.

ஒரு குறிப்பு: நீர் வற்றியிருக்கும் நேரத்தில் படகு படிக்கட்டில் ஒட்டாது. ஏறிப் பார்க்க ஆசையிருந்தால் கிளம்பும் முன்பே படகோட்டியிடம் சொல்லிவையுங்கள்.

வழியில சின்னச் சின்ன ஊரு தெரியுதே, இறங்கிப் பாக்கலாமா?

நதீஃபி, கானஹா, மக்லப், ஸீபி, ஷம். மலையடியில் பத்துப் பதினைந்து வீடு, சில வலை, சில ஆடு. சாலை கிடையாது; எல்லாம் படகில்தான். குடிநீர்கூடப் படகில்தான் வருகிறது. படகு தூரத்திலிருந்து காட்டிவிட்டுப் போகும், இறக்காது. அதுவே சரி என்பேன். அது அவர்கள் வீட்டு வாசல். பெண்களையும் முற்றத்தையும் ஜூம் போட்டுப் படம் எடுக்காதீர்கள்.

கோடையில் இந்த வீடுகளில் பல பூட்டிக் கிடக்கும். பேரீச்சை அறுவடைக்குக் கஸபுக்குப் போய்விடுவார்கள். மலைமேல் வாழும் ஷிஹூ மக்களிடமும் இதே இடம்பெயரும் வழக்கம் உண்டு. அவர்கள் தானியத்தைப் பத்திரமாக வைக்கப் பாதி தரைக்குள் புதைந்த, பெருங்கல்லால் கட்டிய "பூட்டு வீடு" ஒன்று கட்டுவார்கள்: பைத் அல் குஃப்ல். கஸபில் முதியவர் ஒருவர் நீளக் கம்பில் குட்டிக் கோடரி மாட்டிக்கொண்டு நடந்தால் பயப்படாதீர்கள். அது ஜெர்ஸ், அவர்களின் கைத்தடி.

கும்சார்னு ஒரு ஊரு இருக்காமே, அதையும் அதே நாள்ல பாத்துடலாமா?

முடியாது. கும்சார் கோர் ஷம்முக்குள் இல்லை. முசந்தத்தின் வடக்கு நுனியில், ஹோர்முஸ் நீரிணையைப் பார்த்து இருக்கிறது. அதற்கும் கடல்வழிதான். குமட்டல் பற்றி மேலே சொன்ன ஆறுதல் அந்தப் பயணத்துக்குப் பொருந்தாது, அது திறந்த கடல். அங்கே பேசுவது கும்சாரி: அரபு நாட்டில் இருந்தாலும் பாரசீகக் குடும்பத்து மொழி, அரபிச் சொற்கள் நிறையக் கலந்தது. மொழியில் ஆர்வம் உள்ளவர்கள் தனியாக ஒரு நாள் ஒதுக்குங்கள்.

ஹோர்முஸ் பக்கத்துலன்னா பயம் இல்லையா? ஈரான் தெரியுமா?

கோருக்குள்ளிருந்து ஈரானும் தெரியாது, எண்ணெய்க் கப்பலும் தெரியாது. மலை மறைத்திருக்கும். நீரிணையின் குறுகலான இடம் சுமார் 21 கடல் மைல்; பெருங்கப்பல்கள் முசந்தத்துக்கு வடக்கே தங்கள் பாதையில் போகும். உலகம் எரிக்கும் எண்ணெயில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு அந்த வழியாகப் போவதால்தான் செய்தியில் அடிக்கடி பெயர் அடிபடுகிறது. பதற்றம் இருக்கும் நாட்களில் தூதரக அறிவிப்பைப் பார்த்துவிட்டுப் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். மலை எங்கேயும் போகாது.

ஒருகாலத்தில் கஸப் துறைமுகத்தில் காலையில் ஈரானிலிருந்து சின்ன வேகப்படகுகள் ஆடுகளோடு வரும், இருட்டியதும் சிகரெட்டும் மின்சாமான்களும் ஏற்றிக்கொண்டு பறக்கும். கஸபில் பழைய டீக்கடைக்காரர் யாரையாவது கேளுங்கள், சாயா ஆறும் வரை சொல்வார்.

அம்மாவுக்கு முட்டி வலி, குழந்தைக்கு ரெண்டு வயசு. கூட்டிட்டுப் போகலாமா?

ஏறுவதுதான் சிரமம். சில நாள் ஒரு படகைத் தாண்டி அடுத்த படகுக்குப் போக வேண்டியிருக்கும். படகோட்டிகள் கைபிடித்து ஏற்றிவிடுவார்கள். தரையில் திண்டு என்பதால் உட்கார்ந்து எழுவது முட்டிக்குக் கஷ்டம். ஓரமாகப் பெஞ்சு உள்ள படகா என்று கேட்டுப் பதிவு செய்யுங்கள். கழிவறை உண்டு, பின்பக்கத்தில், ரயில் கழிவறையைவிடச் சின்னதாக. அம்மாக்களிடம் இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் உட்கார்ந்திருப்பார்கள், வெயிலில் அதுதான் ஆபத்து.

குழந்தைக்கு ஏற்ற அளவில் லைஃப் ஜாக்கெட் இருக்கிறதா என்பதையும் கேளுங்கள். பெரியவர்களுடையது குழந்தைக்கு உதவாது.

சாப்பாடு? நாங்க சைவம்.

சோறு, பருப்பு அல்லது காய்கறிக் குழம்பு, ஹம்மூஸ் என்னும் கொண்டைக்கடலை மசியல், குப்பூஸ் ரொட்டி, சாலட், பழம் எப்படியும் இருக்கும்; கூடவே கோழியோ மீனோ. முன்பே சொன்னால் தனியாக எடுத்து வைப்பார்கள். சமையலும் படகும் பெரும்பாலும் நம் துணைக்கண்டத்து ஆட்கள் கையில் என்பதால் காரம் பிரச்சினை இல்லை. பேரீச்சம்பழமும் ஏலக்காய் போட்ட அரபுக் காபியான கஹ்வாவும் நாள் முழுக்க வரும். நாங்கள் புளியோதரை கொண்டுபோவோம். ஒருமுறை படகோட்டியும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். குப்பைக்கு ஒரு பை கொண்டுபோங்கள். காற்றில் ஒரு பாலித்தீன் பறந்தால் அது கோரை விட்டு வெளியே போக வழியில்லை.

குளிக்க என்ன டிரெஸ் போடலாம்?

படகில் நீச்சலுடை பிரச்சினை இல்லை. பெண்கள் டீசர்ட்டும் லெக்கின்ஸும் போட்டு இறங்குவதும் சகஜம், வெயிலுக்கும் அதுதான் நல்லது. துறைமுகத்திலும் ஊருக்குள்ளும் தோளும் முட்டியும் மூடியிருக்கட்டும்.

அவ்வளவு தூரம் போய், காத்துன்னு படகு கிளம்பலைன்னா?

எனக்கு ஒருமுறை நடந்தது. பணத்தைத் திருப்பித் தருவார்களா, மறுநாளுக்கு மாற்றுவார்களா என்பதைப் பதிவு செய்யும்போதே எழுத்தில் வாங்குங்கள். அன்றைக்கு எங்களுக்கு மறுநாள் படகு கிடைத்தது, முதல் நாளே வந்து தங்கியிருந்ததால்.

காற்றடித்த அந்தப் பகலில் கஸப் கோட்டைக்குப் போனோம். 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போர்த்துக்கீசியர் கட்டியது, இப்போது அருங்காட்சியகம். முற்றத்தில் பழைய மரப்படகுகளை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். மேலே சொன்ன தையலைத் தொட்டுவிடும் தூரத்தில் அங்கேதான் பார்த்தேன். நானூறு வருடத்துக் கோட்டையை விட்டுவிட்டு, என் மகள் அந்த முடிச்சுகளை எண்ணிக்கொண்டிருந்தாள். அறுபதுக்கு மேல் எண்ணிக்கை தப்பிப்போய், மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள்.